மாணாக்கர் நிலையறிந்து கற்பித்தல்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரின் இயல்பு கூறுமிடத்து எட்டு உவமைகள் வருகின்றன. பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னமும், வயிறார மேய்ந்து பின் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழவனது முயற்சியின் அளவே விளைவு தரும் நிலமும், சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஊற்றியதை ஒழுகவிடும் ஓட்டைக்குடம், ஒரு செடியிலும் நின்று மேயாது தாவித் திரியும் ஆடு, குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கர்க்கு உவமை. ஆசிரியர் அறைகளில் இன்றும் இவ்வுவமைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் எருமை மட்டும் சற்று மிகுதியாகவே வழங்குகிறது.

அதே பாயிரம் ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் வைத்திருக்கிறது. போட்ட முறைப்படி வெளிவராத கழற்காய்க் குடம். தானே பழம் உதிர்த்தாலன்றி எவரையும் அண்டவிடாத மடற்பனை. சிறிது சிறிதாகத் திணிக்கப்பெற்று, எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே தரும் பருத்திக் குண்டிகை. ஒருவர் நீரூற்ற மற்றொருவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. மாணாக்கரைப் பற்றிய உவமைகள் நினைவில் நிற்கும் அளவிற்கு இவை நிற்பதில்லை என்பது வியப்பன்று.

கற்பிக்கும் முறை கூறுமிடத்தில், கேட்பவன் எவ்வகையில் கொள்ளக்கூடியவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுக்க வேண்டும் என்னும் கருத்தும் அந்நூலில் உண்டு. முன்கூறிய உவமைகளையும் இக்கருத்தையும் சேர்த்து நோக்கினால் ஒரு முரண் புலப்படும். எருமை எக்காலத்தும் அன்னமாகாது. ஆகவே, ஒரு மாணவனை இன்ன வகையினன் என்று முடிவு செய்துவிட்டால், அதற்குமேல் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அவன் கொள்ளும் வகையை அறிவதோ நாள்தோறும் செய்யவேண்டிய வேலை; ஏனெனில் அவ்வகை பாடத்துக்குப் பாடம், வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இந்நாளில் தர வேறுபாட்டுக் கற்பித்தல் என வழங்கும் முறையைப் பள்ளிகளில் கையாளும்போது அது இவ்விரண்டனுள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. பெயர் ஒன்றாயினும் பயன் வேறு.

ஒரு சிறு கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், 25 என்னும் சரியான விடையோடு 35, 26, 79 என்னும் விடைகளும் வந்து சேரும். மூன்றுக்கும் சிவப்பு மையில் ஒரே குறிதான் விழும். ஆனால் 35 என்று எழுதியவன், 2இலிருந்து 7 போகாது என்று கண்டு 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டான். பத்தை அவிழ்த்து ஒன்றுகளாக்கும் முறை அவனுக்கு விளங்கவில்லை. 26 என்று எழுதியவன் விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணுகையில் 52ஐயும் ஓர் எண்ணமாகச் சேர்த்துக்கொண்டான்; கழித்தல் என்பது யாதென அவன் அறிவான், இடமதிப்பைத்தான் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை. 79 என்று எழுதியவன் குறியைப் பாராமல் கூட்டிவிட்டான். மூவர்க்கும் இருபது கழித்தல் கணக்குகளை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால், முதலாமவன் ஒரே பிழையை இருபது முறை பழகுவான். இரண்டாமவன் விரல்களை எண்ணியே களைத்துப்போவான். மூன்றாமவனுக்கு அது வெறும் தண்டனை. முதலாமவனுக்கு வேண்டியது பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளும், ஆசிரியர் பக்கத்தில் அமரும் கால்மணி நேரமும் ஆகும்.

தமிழ் வாசிப்பில் இவ்வேறுபாடு இன்னும் நுட்பமானது. தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் குழந்தைக்கு வாசிக்கத் தெரியும் என்று எண்ணிவிடுதல் எளிது. வரிசையைக் கலைத்துக் காட்டினால்தான் உண்மை வெளிப்படும். படம், மரம், பழம் போன்ற சொற்களைத் தடையின்றிப் படிக்கும் குழந்தை, கெண்டி என்னும் சொல்லில் நின்றுவிடுகிறது. எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போது அதன் உயிரோசை மெய்க்குப் பின்னே வருகிறது. இடமிருந்து வலமாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இஃது ஒரு புதிர். கொடி என்னும் சொல்லிலோ, கொம்பும் துணைக்காலும் இருபுறமும் நின்று நடுவெழுத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், அங்கும் ஒரு தடுமாற்றம். இவற்றுள் எந்த இடத்தில் குழந்தை நிற்கிறது என்பதை அறியாமல், எழுத்து தெரியாதவன் என்று பொதுவாகச் சொல்லி அகரத்திலிருந்து மீண்டும் தொடங்குவது, அக்குழந்தை அறிந்ததையே மறுமுறை கற்பிப்பதாகும். அதனினும் சலிப்பூட்டும் செயல் வேறில்லை.

இனி, ஒலி நுட்பத்தைக் காண்க. கல், பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை எழுத்தைத் தட்டித் தடவிப் படித்தாலும், காதில் பழகிய சொல் நினைவுக்கு வர, ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலமோ மலாயோ மிகுதியாகப் புழங்கும் குழந்தைக்கு அந்த உதவி இல்லை. எழுத்துகள் அனைத்தையும் கூட்டிப் படித்தபின்னும் அச்சொல் அதற்கு அயற்சொல்லாகவே நிற்கும். முன்னதற்கு எழுத்துப் பயிற்சி வேண்டும்; பின்னதற்கு எழுத்தினும் பேச்சே முதலில் வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளில் இவ்விரு வகையினரும் ஒரே மேசையில் அருகருகே இருப்பதைக் காணலாம்.

இலை என்பதை எல என்றும், உடம்பு என்பதை ஒடம்பு என்றும் எழுதும் குழந்தையைக் கவனக்குறைவானவன் என்று கடிந்துகொள்வது வழக்கம். உண்மையில் அவன் செவி கூர்மையானது. வீட்டில் கேட்டபடியே எழுதியிருக்கிறான். பேச்சு வடிவமும் எழுத்து வடிவமும் வேறென்பதை இரண்டையும் அருகருகே எழுதிக்காட்டினால் அவன் விரைவில் பிடித்துக்கொள்வான். இவனுக்கு நேர்மாறாக, பத்தி முழுவதையும் கணீரென்று வாசித்து, அதில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் விழிக்கும் மாணவனும் உண்டு. பவணந்தியார் சொன்ன கிளி இவனே. கல்வி அதிகாரி வரும் நாளில் எழுந்து வாசிக்க அழைக்கப்படுபவனும் பெரும்பாலும் இவனே!

இவ்வளவு வேறுபாடும் ஓர் அறையில் ஏன் கூடுகிறது? மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் மாணவர் வயதின்படியே அடுத்த ஆண்டுக்கு ஏற்றப்பெறுகின்றனர். ஆகவே, நான்காம் ஆண்டு என்பது பத்து வயதைக் குறிக்குமேயன்றி, அவ்வயதினர் அனைவரும் ஒரே அளவு கற்றனர் என்பதைக் குறிக்காது. தோல்வியுற்ற குழந்தையைச் சிறியவர்களோடு மீண்டும் உட்காரவைத்து நாணச்செய்யாத இம்முறை நல்லதே. எனினும் அது ஆசிரியர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. முன்பு ஆறாம் ஆண்டு இறுதியில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 2021ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. தேர்வின் அச்சம் நீங்கியது குறித்து மகிழலாம். ஆயினும் வாசிக்கத் தெரியாத ஒரு குழந்தை எவ்வித ஓசையுமின்றி ஆறு ஆண்டுகளைக் கடந்துவிடும் வழியும் அதனால் அகலமாயிற்று. அக்குழந்தை அடுத்துச் செல்லுமிடம் மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளி. தாய்மொழியில் வாசிப்பின் சூட்சுமம் பிடிபடாதவன் அங்கே மற்றொரு மொழியில், நாற்பது பேர் நடுவே, அதனைத் தானே கண்டுபிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பதின்மூன்று வயதில் பின்வரிசைக்குப் போனவர்கள் பலர் பதினாறில் பள்ளியிலேயே இருப்பதில்லை என்பதைத் தோட்டப்புறத்தார்க்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

ஒரே அறையில் பல படிகளில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்னும் பிரிவே கிடையாது. ஒருவன் மணலில் அரிச்சுவடி எழுதுவான். ஒருவன் எண்சுவடி ஒப்பிப்பான். மற்றொருவன் ஓலையில் எழுதுவான். அவரவர் பாடம் முடிந்தால் அவரவர்க்கு அடுத்த பாடம். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவரைக் கவனிப்பான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் காப்பகப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப்பின் அது மதராஸ் முறை என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவிற்று. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் திண்ணையின் குறைகளையும் மறைக்கலாகாது. அங்கே மனனம் மிகுதி, பிரம்பும் மிகுதி. அத்திண்ணையில் ஏற இடமளிக்கப்படாத சாதிப் பிள்ளைகளின் தொகையோ இவ்விரண்டினும் மிகுதி.

அப்படி இடம் மறுக்கப்பட்டோரின் வழியினர் பலர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. அந்த ஆசிரியரும் சில தோட்டங்களில் கங்காணியாகவோ, கிராணியாகவோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியாகவோ இருந்தார். ஒரு பக்கத்துக்குப் பாடம் சொல்லிக்கொண்டே மறுபக்கத்துக்கு எழுத்து வேலை கொடுக்கும் திறமை அவர்களுக்குத் தேவையினால் வந்தது. மாணவர் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டினரை ஒருசேர அமர்த்தும் கூட்டு வகுப்பு அதே தேவையின் தொடர்ச்சியாகும். கூட்டு வகுப்பைக் குறையென்று மட்டும் கருதுவோர், தனி வகுப்பிலும் உண்மையில் மூன்று நான்கு வகுப்புகள் மறைந்திருப்பதை நினைப்பதில்லை.

பிள்ளைகளைப் பிரிப்பதில் உள்ள அபாயத்துக்குச் சிங்கப்பூரின் அனுபவம் நல்ல சான்று. 1979ஆம் ஆண்டில் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கையையொட்டி அங்கு மாணவரைத் திறனுக்கேற்பப் பிரிவுகளில் இடும் முறை வந்தது. பள்ளியை விட்டு இடையில் நிற்போர் தொகையைக் குறைப்பதே நோக்கம். அதில் பயனும் கிட்டியது. ஆனால் பிரிவின் பெயர் மாணவனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொடக்கப்பள்ளியில் ஈ.எம்.3 என்னும் பிரிவுக்குச் சென்ற குழந்தை, கணிதத்தில் வல்லதாயினும் ஈ.எம்.3தான். 2008ஆம் ஆண்டில் அப்பிரிவுகள் தொடக்கப்பள்ளியில் கைவிடப்பட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே தரம் கொள்ளும் முறை வந்தது. 2024ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், விரைவு நிலை, வழக்க நிலை என்னும் பிரிவுகளும் நீங்கின. ஒரே மாணவன் தமிழை உயர்ந்த தரத்திலும் கணிதத்தை இடைத்தரத்திலும் படிக்கலாம் என்றாயிற்று. குழந்தையைப் பிரிப்பதைவிட அதன் வேலையைப் பிரிப்பதே தக்கது என்னும் முடிவுக்கு வர ஓர் அரசுக்கே ஏறத்தாழ 30, 40 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் பிரதம் என்னும் அமைப்பு கையாண்ட முறை இன்னும் எளியது. எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு படிகளை வைத்து, ஒவ்வொரு குழந்தையையும் சில நிமிடங்கள் வாசிக்கச் செய்து, அது நிற்கும் படியைக் கண்டு, நாளில் ஒரு குறித்த நேரம் மட்டும் ஆண்டு வேறுபாடின்றி அந்தந்தப் படியினரை ஒன்றுசேர்த்துக் கற்பித்தனர். 2019ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் இருவராகிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் துணைவரோடு இம்முறையை ஆண்டுக்கணக்கில் சோதித்தனர். அவர்கள் கண்டவற்றுள் ஆசிரியர்கள் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்த இடங்களில் பயன் மிகக் குறைவு. பாடநூலை முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியில் ஆசிரியர்கள் பழைய முறைக்கே திரும்பினர். அதற்கென்றே நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்த ஹரியானாப் பள்ளிகளில் வாசிப்பு உயர்ந்தது. முறை ஒன்றே, நேரம்தான் வேறு. தலைமையாசிரியர்கள் கால அட்டவணையைத் திருத்தாமல் ஆசிரியரை மட்டும் பயிலரங்குக்கு அனுப்புவது பயன்தராது என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டிலும் இவ்வழியில் முயற்சிகள் நடந்தன. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றி 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் பரவிற்று. பாடம் ஓர் ஏணியாகவும், ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டையாகவும் அமைந்தது. குழந்தை தன் உயரத்துக்கேற்ற கரும்பலகையில் எழுதியது. அட்டை பொறுமையானது, ஆனால் பேசாது. ஆசிரியரும் பேசாதிருந்த வகுப்புகளில் மொழி வளரவில்லை. 2022ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்று படிகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டனர். பெயரிட்டவர் எவராயினும் தமிழறிந்தவர். ஆடு அன்னமாகாது, அரும்போ மலராகியே தீரும். ஆயினும் எப்பெயரும் பழகப் பழகப் பட்டமாகிவிடும் என்பதை மறத்தலாகாது. தான் அரும்பு என்பதைக் குழந்தை ஆசிரியர்க்கு முன்பே அறிந்துகொள்ளும்.

வகுப்பறையில் இதனை எவ்வாறு நடத்துவது? மூன்றாம் நான்காம் ஆண்டினர் கூடிய ஒரு கூட்டு வகுப்பில், செம்பனைத் தோட்டத்தைப் பற்றிய ஒரு பத்தி பாடமாக இருப்பதாகக் கொள்வோம். முதற் பத்து நிமிடம் புத்தகம் மூடியே இருக்கட்டும். குலை வெட்டுவது, உதிர்ந்த பழம் பொறுக்குவது, லோரியில் ஏற்றுவது என அனைவரும் பேசட்டும். வாசிப்பில் கடைசியாக இருப்பவன் இப்பேச்சில் முதலாக இருப்பதைப் பலமுறை காணலாம். பின்னர், எழுத்தில் தடுமாறுவோரோடு ஆசிரியர் அமர வேண்டும். குலை, மட்டை, எண்ணெய், தோட்டம் என அப்பத்தியின் சொற்களே அவர்களுக்குப் பாடம். அச்சொற்களிலேயே கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் வந்துவிடுகின்றன. சொல் சொல்லாகப் படிப்போர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் விரலால் தொடரலாம். சரளமாக வாசிப்போர் பத்தியைப் படித்துவிட்டு, பால்மரக் காலத்தில் வேலை எவ்வாறிருந்தது, மங்கு என்பது எது என்று பாட்டியிடம் கேட்க வேண்டிய வினாக்களை எழுதலாம். இறுதியில் அனைவரும் மீண்டும் ஒன்றாகக் கூடித் தத்தம் வேலையைக் காட்டட்டும். ஆசிரியர் ஆயத்தம் செய்தது ஒரே பத்தி; மூன்று பாடத்திட்டங்கள் அல்ல. மூன்று பாடத்திட்டங்கள் எழுத முயன்றவர்கள் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவர். அவர்களைக் குறைகூறவும் இயலாது.

பல வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆசிரியர் வல்லவர்களோடு பாடநூலை முடித்துக்கொண்டு செல்ல, பின்தங்கியவர்களுக்கு வண்ணம் தீட்டும் தாள் கிடைக்கிறது. அல்லது வகுப்புத் தலைவன் அவர்களைப் பார்த்துக்கொள்கிறான். 1983ஆம் ஆண்டின் தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டமே குறைநீக்கல் போதனையையும் வளப்படுத்தும் நடவடிக்கையையும் வற்புறுத்தியது. வண்ணத்தாளைக் குறைநீக்கல் என்று அது சொல்லவில்லை. வல்ல மாணவனைக் கொண்டு மற்றவர்க்குச் சொல்லித்தருவது நல்லதே. ஆசிரியரிடம் கேட்பதால் கால்பங்கும், உடன்பயில்வாரோடு பழகுவதால் கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கல்வி நிரம்பும் என்பது நன்னூலின் கணக்கு. அவ்வாறாயின் அந்த அரைப்பங்கு எப்போதும் ஒருவனுக்கே போவது முறையா? குலை என்னும் சொல்லை இன்று கற்றவன் நாளை அதனை முதலாம் ஆண்டுக் குழந்தைக்குச் சொல்லித்தரட்டும்.

குழுக்கள் பாடத்துக்குப் பாடம் வேறாக இருத்தல் வேண்டும். ஆசிரியர் கையில் ஒரு சிறு குறிப்பேடு போதும். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது அதே பெயர்கள் அதே குழுவில் இருக்குமாயின், ஐயம் கொள்ளவேண்டியது பிள்ளைகளின் திறமையின்மீது அன்று. குழு அமைத்த முறையின்மீது ஆகும்.

திறமையோடு விருப்பத்தையும் சேர்த்துப் பேசுவது இப்போது வழக்கம். காற்பந்தாட்டத்தில் ஈடுபாடுடையவனுக்குக் கோல் வேறுபாட்டைக் கொண்டு கழித்தலும், கோலமிடும் சிறுமிக்குப் புள்ளி வரிசைகளைக் கொண்டு பெருக்கலும் கற்பிக்கலாம். விருப்பம் பாடத்தின் பொருளை மாற்றலாம். எட்டவேண்டிய இலக்கைத் தாழ்த்தலாகாது. படம் வரைய விரும்புவோன் ஆண்டு முழுவதும் படமே வரைந்துகொண்டிருப்பது அவனுக்குச் செய்யும் உதவியன்று. இவ்வாரம் படத்துக்குப் பெயர், அடுத்த வாரம் ஒரு வாக்கியம் என்று அவன் ஏறவேண்டும். கண்வழிக் கற்போர், செவிவழிக் கற்போர், செயல்வழிக் கற்போர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பகுக்கும் வழக்கமும் பயிலரங்குகளில் செல்வாக்குப் பெற்றுள்ளது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் நால்வர் இதற்கான சான்றுகளை ஆராய்ந்து, அப்பகுப்புக்கேற்பக் கற்பிப்பதால் கற்றல் மிகும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லையெனக் கண்டனர். எருமையும் ஆடும் போய், கண்ணும் செவியும் வந்தன, அவ்வளவே.

பெற்றோர்க்கு அனுப்பும் அறிக்கையிலும் இதே கவனம் வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை குறிக்கப்படுகிறது. மூன்றாம் அடைவுநிலை என்று எழுதிய தாளைக் கையில் வாங்கும் பாட்டி, அதனை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? பெயரன் கொம்பு வரும் சொற்களைப் படிக்கிறான், இரட்டைக் கொம்பு வந்தால் தடுமாறுகிறான் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், அன்றிரவே நாட்காட்டித் தாளில் தேன், பேன், வேர் என்று எழுதி வைத்துக்கொண்டு அவனை அருகில் அழைக்க அவருக்கு வழி உண்டு. எழுதத் தெரியாத பாட்டியாயினும், தேன் என்று அவர் சொல்ல அவன் எழுதிக்காட்டலாம்.